கல்வீட்டுச் சுவர் ஏன் பொருக்கு விடுகிறது?

மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில், சீமெந்து பூசித் திருத்திய பழைய கல்வீடு ஒன்றின் விறாந்தைச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் பூச்சு பொம்மி நிற்கும். தட்டினால் கோறையான சத்தம். பெயர்த்தால் உள்ளே வெள்ளையாய் உவர், அதன் பின்னே மாவாய் உதிரும் செங்கல். வீடு பழசாகிவிட்டது என்று சொல்லி விடுகிறோம். பழுது அந்தப் பூச்சில்தான் தொடங்கியது.

அக்காலத்துக் கொத்தர்கள் கட்டியதும் பூசியதும் சுண்ணாம்புச் சாந்தால். கரையோரத்தில் முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் வைத்து ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் சுடுவார்கள். இரண்டுமே பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. 100 கிலோ தூய காபனேற்றைச் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டாய்ப் பறந்துவிடும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துப் பூசியதும், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் இருந்தபடியே திரும்பப் பெறுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இப்படி இறுகிய சாந்தில் நுண்துளைகள் நிறைய. வாவி சூழ்ந்த மண்ணின் ஈரம் மயிர்த்துளைத்தன்மையால் செங்கல்லில் ஏறும்போது உப்பையும் கரைத்துக் கொண்டு வரும். சுண்ணாம்புப் பூச்சு வழியே நீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு பூச்சிலேயே தங்கும். பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசலாம், செங்கல் தப்பிவிடும். சீமெந்துப் பூச்சு அவ்வளவு எளிதில் ஈரத்தை விடாது. நீர் அதன் பின்னால் தேங்கி, இன்னும் மேலே ஏறும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே பளிங்காகி, வளர்ந்து, துளைகளை நெரித்து உடைக்கும். மாரியில் ஊறுவதும் கோடையில் காய்வதுமாக ஆண்டுதோறும் இதே கதை.

சில வீடுகளில் அத்திவாரத்தையும் அதற்கு மேல் ஓரிரு வரிகளையும் கருங்கல்லில் கட்டியிருப்பதற்கும் இதில் பயன் உண்டு. கருங்கல்லில் துளை மிகக் குறைவு. ஈரம் ஏறுவதற்குச் சாந்துப் பொருத்துகள்தான் வழி. தடித்த சுவர் பகல் வெக்கையை உள்ளே விடத் தாமதிக்கும், நீண்ட தாவாரம் சாரலைத் தடுக்கும்.

திருத்த நினைப்பவர்கள் முதலில் சீமெந்தைக் கவனமாய்க் கொத்தி எடுத்து, சுவரை நன்றாக உலர விடவேண்டும். முருகைக்கல் அகழ்வது இன்று சட்டப்படி தடை. மாத்தளைப் பக்கத்துச் சூளைச் சுண்ணாம்பு போதும். மெல்லிய படைகளாய்ப் பூசி, வெயில் நேரே படாமல் ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கள். சட்டென்று காய்ந்த சுண்ணாம்பு இறுகாது, பொடியாகிவிடும்.