கொட்டேஷன்: மேற்கோளா, பொன்மொழியா, விலைப்புள்ளியா?

பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளையிடம், "நடுநடுவே நாலு கொட்டேஷன் போட்டுப் பேசு" என்கிறோம். இன்வெர்ட்டர் வாங்கக் கிளம்புகிறவரிடம், "மூணு கடையில கொட்டேஷன் வாங்கிப் பாருங்க" என்கிறோம். காந்தி சொன்னதும் கடைக்காரர் சொன்னதும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன?

மூலம் லத்தீன். 'க்வோட்' என்றால் 'எத்தனை'. அதன் வழியே இடைக்கால லத்தீனில் பிறந்த 'க்வோட்டாரே' என்ற வினை, நூலின் பகுதிகளுக்கு எண்ணிட்டுக் குறிப்பதைச் சொன்னது. இந்த நூல், இத்தனையாவது இடம் என்று சுட்டுவதுதான் அதன் முதல் வேலை. அந்த இடத்தில் இருக்கும் வரியையே எடுத்துச் சொல்வது ஆங்கிலத்துக்குப் போன பிறகு ஏறிய பொருள். விலை சொல்வது அதற்கும் பிந்தியது.

விலைக்குத் தமிழில் சிக்கல் இல்லை. 'விலைப்புள்ளி' அரசு அறிவிப்புகளில் நின்று நிலைத்துவிட்டது. டெண்டருக்கு 'ஒப்பந்தப்புள்ளி' இருப்பதுபோல. கடைத்தெருவில் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பது வேறு கதை.

பெரியோர் வாக்குக்குத்தான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அகராதி தரும் சொல் 'மேற்கோள்'. 'கொள்' என்ற வினை நீண்டு 'கோள்' ஆகி, 'மேல்' என்பதோடு சேர்ந்தது. மேற்கொள்வது மேற்கோள். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தைத் திறந்தால் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்ற வரிசையில் வாதம் நடக்கும். 13ஆம் நூற்றாண்டு நூல் அது. அங்கே மேற்கோள் என்பது அடுத்தவர் வாக்கு அல்ல. ஆசிரியர் தாமே நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. வடமொழியில் 'பிரதிக்ஞை' என்பார்களே, அது. நாம் எதை நிறுவப் போகிறோமோ அதற்குப் பெயராக இருந்த சொல், நிறுவுவதற்குத் துணையாக நாம் அழைத்துவரும் பிறர் சொல்லுக்குப் பெயராகிவிட்டது. ஆனாலும் வாதத்தோடு உள்ள உறவு அறவில்லை. ஒரு வாக்கு தனியாக நிற்கும்போது அது மேற்கோள் ஆகாது. யாரோ ஒருவர் தம் பேச்சுக்கு வலுவாக அதை எடுத்துக்கொண்டால்தான் ஆகும்.

தனியாக நிற்பதற்குப் 'பொன்மொழி' பொருத்தம். தினசரிக் காலண்டர் தாளின் அடியில் வருவது பொன்மொழிதான். பழைய இலக்கணக்காரர்களுக்கும் பொன் நினைவுதான் வந்திருக்கிறது. முன்னோர் நூற்பாக்களை ஏன் அப்படியே எடுத்து வைக்கிறோம் என்பதற்கு நன்னூல் பாயிரத்திலுள்ள வெண்பா, "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்று காரணம் சொல்கிறது. அவர்கள் சொன்ன கருத்தை மட்டுமல்ல, சொன்ன சொற்களையும் காப்பாற்ற வேண்டும் என்பது செய்தி. தொல்காப்பியச் செய்யுளியல் 'முதுமொழி' என்ற பெயரைத் தந்து, நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை என்று அதன் இலக்கணத்தையும் அடுக்குகிறது. இன்று முதுமொழி என்றால் பழமொழி என்றே காதில் விழுவதால் அதை விட்டுவிடலாம்.

பெரியோர் சொற்களைக் காப்பது இருக்கட்டும், சொன்ன ஆளையே மாற்றிவிடுகிறோம். "மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டும் அம்மா" என்ற வரிக்குக் கீழே பாரதியாரின் தலைப்பாகைப் படம் எத்தனை முறை கைபேசிக்கு வந்திருக்கும்! எழுதியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பெண்ணைப் போற்றும் வரி, மீசைக்காரர் படம், முடிந்தது வேலை. பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேருக்கும் இதே கதி. "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை; ஆனால் அதைச் சொல்ல உனக்குள்ள உரிமையை உயிர் கொடுத்தும் காப்பேன்" என்ற வாசகம், அவர் இறந்து நூறாண்டுக்கும் மேலான பிறகு, 1906இல் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலப் பெண்மணி அவருடைய நண்பர்களைப் பற்றி எழுதிய நூலில் இருப்பது. வால்தேரின் மனப்போக்கைத் தம் சொற்களில் அவர் சுருக்கிச் சொன்னார். படித்தவர்கள் அதை வால்தேரின் வாயிலேயே வைத்துவிட்டார்கள்.

இங்கேதான் அந்த லத்தீன் 'எத்தனை' உதவுகிறது. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று எழுதி, கணியன் பூங்குன்றனார், புறநானூறு 192 என்றும் போட்டால் அது முழு மேற்கோள். சந்தேகப்படுகிறவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எண் இல்லாமல், நூற்பெயர் இல்லாமல், படம் மட்டும் ஒட்டி வருவதைப் பொன்மொழி என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நல்லது. வாதத்துக்குச் சாட்சியாக அழைக்க வேண்டாம்.

'தத்துவம்' என்ற வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. "விவேகானந்தர் தத்துவங்கள் நூறு" என்று தலைப்புப் போட்டு நூறு ஒற்றை வரிகளைத் தருகிறார்கள். 'தத்' என்றால் அது. தத்துவம் என்றால் 'அதுவாக இருக்கும் தன்மை', உண்மை இயல்பு. சைவ சித்தாந்தம் எண்ணிச் சொல்லும் தத்துவங்கள் 36. விவேகானந்தரின் தத்துவம் வேதாந்தம். அந்த நூறும் அவர் பொன்மொழிகள். நண்பர் டீக்கடையில் உதிர்ப்பதை மட்டும் "தத்துவம்டா!" என்று தாராளமாகச் சொல்லலாம், அந்தக் கேலிக்கு வேறு சொல் பொருந்தாது.