தள்ளிச் சாய்த்தால் மட்டும் போதாத எழுத்து

நைக்கி நிறுவனத்தின் பெயர் பொறித்த பழைய சின்னத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் தடித்து, நெருங்கி, வலப்புறம் சாய்ந்து நிற்கும். பால் ரென்னர் வடிவமைத்து 1927இல் வெளிவந்த ஃபியூச்சுரா எழுத்துருக் குடும்பத்தின் வழியில் பிறந்த வடிவம் அது. அசையாத அந்த எழுத்துகள் ஓடுவனபோல் தோன்றுவதற்குச் சாய்வே முதற்காரணம். வேகமெடுக்கும் ஓட்டக்காரர் உடலை முன்னே சாய்க்கிறார். இடமிருந்து வலமாகப் படிப்பவர்களுக்கோ வலப்பக்கமே முன்பக்கம். 1910களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஷாக் ஆன்ரி லார்டீக் எடுத்த பந்தயக் கார் படமும் இங்கே நினைவுக்கு வருகிறது. சக்கரத்தின் அடிப்பகுதி முதலில் பதிந்து, மேற்பகுதி பதிவதற்குள் கார் சற்று நகர்ந்துவிட்டதால், அப்படத்தில் சக்கரம் முன்சாய்ந்த முட்டையாகத் தெரியும்.

கணினியில் சாய்ப்பது எளிய கணக்கு: ஒவ்வொரு புள்ளியும், எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அந்த அளவுக்கு ஏற்ப வலப்புறம் நகர்த்தப்படுகிறது. ஹெல்வெட்டிகா என்ற எழுத்துருவின் சாய்ந்த வடிவத்தைப் போல 12 பாகை சாய்த்தால் நேர்க்கோடுகளுக்குப் பெரிய சேதமில்லை. செங்குத்துக் கோட்டின் உண்மைத் தடிமன் ஏறத்தாழ 2 விழுக்காடுதான் குறைகிறது. சிக்கல் வளைவில் இருக்கிறது. சீரான தடிமன் கொண்ட ஒரு வட்ட வளையத்தை அதே அளவு சாய்த்தால், அதன் வலது மேற்புறமும் இடது கீழ்ப்புறமும் சுமார் 11 விழுக்காடு தடிக்கின்றன. மற்ற இரு மூலைகளும் சுமார் 10 விழுக்காடு மெலிகின்றன. வளையத்தின் தடிமன் 20 அலகு என்றால் வேறுபாடு 4 அலகுதான், யாரும் கவனிக்கப்போவதில்லை. விளையாட்டுச் சின்னங்களுக்கு ஏற்றவாறு அது 200 அலகாக இருந்தால், ஒரு மூலை 222, அடுத்த மூலை 180 என்றாகி, எழுத்து நசுங்கிய டயர்போல் காட்சியளிக்கும்.

ஆங்கில ‘ஏ’ எழுத்தில் நேர்வது வேறு வகைக் கோளாறு. ஏற்கெனவே சாய்ந்திருக்கும் இடது கால் மேலும் சாய்ந்து மெலிய, வலது கால் நிமிர்ந்து தடித்துவிடுகிறது. ஆகவே வடிவமைப்பாளர் வளைவுகளைச் சற்றுச் சுழற்றிய பிறகே சாய்க்கிறார். எஞ்சும் பிழைகளைப் புள்ளி புள்ளியாகக் கையால் திருத்துகிறார். தடித்த கோடுகள் சந்திக்கும் மூலைகளில் கறுப்பு தேங்காதிருக்க, அந்த இடங்களைச் சற்றே மெலிதாக்குவதும், எழுத்தின் உட்புற வெளி அடைபடாமல் காப்பதும் அவர் வேலையே. பொத்தானை அழுத்திச் சாய்த்த எழுத்துக்கும் வரைந்து சாய்த்த எழுத்துக்கும் உள்ள வேறுபாடு, என் பார்வையில், இந்தத் திருத்தங்கள்தாம்.

தமிழ் எழுத்துருக்கள் பலவற்றுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. இணையப் பக்கம் சாய்வெழுத்தைக் கேட்டால், உலாவியே நேர் எழுத்தைச் சுமார் 14 பாகை தள்ளிச் சாய்த்துவிடுகிறது. நேர்க்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ ஆகியவை அதைத் தாங்கிக்கொள்கின்றன. தடித்த தலைப்பொன்றில் ‘ஞ’ அல்லது ‘ஐ’ வரும்போதுதான், சுழிகளின் ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வற்றியிருப்பது கண்ணில் உறுத்துகிறது.