பஸ்ஸில் வந்தவன் ஏன் ஊரில் தங்குவதில்லை?

ஒருவன் பஸ்ஸைவிட்டு இறங்குகிறான். பெட்டி இல்லை, முகவரி இல்லை, சட்டைப்பையில் ஒரு பல்துலக்கி மட்டும். ஊரை ஒரு கும்பல் ஆட்டிப்படைக்கிறது. போலீஸும் அவர்கள் கைக்குள். யாரோ ஒரு பாவப்பட்டவருக்காக இவன் தலையிடுகிறான், அடி வாங்குகிறான், வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறான், கிளம்பிவிடுகிறான். ஆங்கிலத் த்ரில்லர் நாவல்களில் 1997-இல் அறிமுகமான நாயகன் ஜாக் ரீச்சர், ஆறடி ஐந்தங்குல முன்னாள் ராணுவப் போலீஸ்காரர், இந்த வகையின் இன்றைய முகம். எத்தனை புத்தகம் வந்தாலும் சங்கதி இதேதான்.

பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் இந்த நாவல்களை முதுகைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நடுவில் வெடித்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கும், உள்ளே எங்காவது குழம்புக் கறை. பரிசு வாங்கிய நாவல்கள் பக்கத்திலேயே புதுக்கருக்குக் கலையாமல் நிற்கும். “எல்லாம் ஒரே கததான் தம்பி, பரவால்லியா?” என்று கடைக்காரர் கேட்டால், “அதுக்குத்தானண்ணே வாங்குறேன்” என்று பதில் வரும்.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்றுதான் நினைக்கிறோம். 2011-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உளவியல் ஆய்வாளர்கள் ஜொனாதன் லெவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்லின. வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் முடிவு தெரிந்த மாத்திரத்தில் கதை செத்துவிடுவதில்லை என்பதுவரை நம்பலாம்.

உடம்பு எப்படியும் இந்த முன்னறிவை மதிப்பதில்லை. வில்லனின் ஆட்கள் இரவில் கதவைத் தட்டினால் நமக்கும் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மனநிலை நொடியில் மாறும்; ஏறிய படபடப்பு அடங்க நிமிடங்கள் பிடிக்கும். உளவியலாளர் டால்ஃப் ஸில்மன் 1970-களில் இந்த இடைவெளியைத்தான் ஆராய்ந்தார். சீண்டப்பட்டவர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்து, பிறகு பதிலடிக்கு வாய்ப்புக் கொடுத்தார். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட மிதித்தவர்கள் மூர்க்கமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றில் மிஞ்சிய படபடப்பு அடுத்த உணர்ச்சியின் கணக்கில் ஏறிவிடுகிறது. த்ரில்லரிலும் பயத்தில் ஏறிய துடிப்பு இறங்குவதற்குள் நாயகன் கை ஓங்கிவிடுகிறான், பயந்ததெல்லாம் குஷியாகிறது. அவனை அடி வாங்கவே விடாத எழுத்தாளரின் சண்டைக்காட்சி சப்பென்று போவதும் இதனால்தான்.

தண்டிப்பதிலும் இன்பம் உண்டு. 2004-இல் ஸூரிக் ஆய்வாளர்கள் ஒரு பண விளையாட்டு வைத்தார்கள். நம்பிக் கொடுத்த பணத்தை மற்றவர் சுருட்டிக்கொண்டால், ஏமாந்தவர் அவருக்குத் தண்டனை விதிக்கலாம். அந்த முடிவை எடுக்கும்போது மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். வெகுமதியோடு தொடர்புடைய ஸ்ட்ரையாட்டம் என்ற மூளைப்பகுதியின் மேற்புறம் சுறுசுறுப்பானது. அது அதிகம் சுறுசுறுப்பானவர்கள், தண்டிப்பதற்காகக் கைக்காசையே அதிகம் செலவழிக்கத் தயாராக இருந்தார்கள். பங்கேற்றவர்கள் சிலரே, அத்தனை பேரும் ஆண்கள். எல்லாருக்கும் பொருத்துவதில் நிதானம் வேண்டும்.

படித்து முடித்ததும் வரும் லேசான வெட்கம் இங்கிருந்துதான் முளைக்கிறது என்பது என் கணிப்பு. நிஜ வாழ்க்கையில் நீதிக்கு ஆகும் பெருஞ்செலவு ஆதாரம்தான்: சாட்சி, விசாரணை, சந்தேகத்தின் பலன். நாவல் அதைத் தள்ளுபடி செய்கிறது. கொடுமையை நம் கண்முன்னே நடத்திக் காட்டிவிடுவதால், தப்பான ஆளை அடிக்கிறோமோ என்ற கேள்வி எழுவதேயில்லை.

சரி, அவன் ஏன் நாடோடி? 2008-இல் பொருளியலாளர் நிகோஸ் நிகிஃபோராகிஸ் இதே போன்ற ஒரு பண விளையாட்டில், தண்டனை பெற்றவர் திருப்பித் தண்டிக்கலாம் என்று விதியை மாற்றினார். தண்டிக்க முன்வருவது குறைந்தது; ஒத்துழைப்பும் சரிந்தது. நமக்கு இது புதிதா என்ன? ஒட்டுக்கடையில் ஒருவன் பரிமாறும் பையனை அறைகிறான். பத்துப் பேர் தங்கள் தே தாரிக் டீயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. நாளைக்கும் அதே கடை, அதே மோட்டார் நம்பர், அதே பிளாட் மாடி. பஸ்ஸில் வந்தவனுக்கு அந்த ஊரில் நாளை என்பதே கிடையாது. பழிவாங்கத் தேடினாலும் வீடு இல்லை, தங்கை இல்லை.

தோட்டப்புறங்களில் முனியாண்டியை நம்மவர்கள் எல்லையில்தான் நிறுத்தினார்கள். சுருட்டும் சாராயமும் படைப்பார்கள். பூஜையறைக்குக் கூப்பிடுவது அபூர்வம். அடிக்கத் தெரிந்த காவல் கொஞ்சம் தள்ளி நிற்பதே ஊருக்கு வசதி.

எழுத்தாளருக்கும் அதே வசதி வேண்டியிருக்கிறது. நாயகன் குடித்தனம் வைத்துவிட்டால் மிரட்ட ஒரு மனைவி, கொளுத்த ஒரு வீடு, பறிக்க ஒரு வேலை என்று வில்லனுக்குப் பிடிகள் கிடைத்துவிடும். ஆகவே, 400 பக்கம் பொறுமையாகக் கதை சொன்னவர்கள் கடைசி அத்தியாயத்தில் அவனோடு நெருங்கிய பெண்ணை அரைப் பக்கத்தில் கைகழுவிவிட்டு அவனை நெடுஞ்சாலைக்கு விரட்டுகிறார்கள். இந்த வகை நாவல்களில் நான் சகிக்காத ஒரே இடம் அதுதான்.