பேலட்: உருண்டையில பொறந்த சொல்லு

பேலட்னா என்னன்னு கேட்டா முக்கால்வாசி பேரு டக்குனு "ஓட்டுச் சீட்டு"ன்னுதான் சொல்லுவாங்க. பேலட் பேப்பருக்கு அது சரி. ஆனா வெறும் பேலட்டுக்கு அது பத்தாது, 1872ல பிரிட்டிஷ் பார்லிமென்ட் போட்ட பேலட் சட்டத்தை "வாக்குச்சீட்டுச் சட்டம்"னு தமிழ்ல எழுதுனா அந்தச் சட்டத்துக்காக எதுக்கு அத்தனை வருஷம் போராடுனாங்கங்கறதே காணாமப் போயிடுது.

இந்தச் சொல்லோட வேர் இத்தாலியில இருக்கு. பல்லொட்டான்னா சின்ன உருண்டை. வெனிஸ் சபைகள்ல பெட்டிக்குள்ள உருண்டை போட்டுத்தான் முடிவெடுப்பாங்க, அதையும் துணியில செஞ்சிருந்தாங்க, விழுற சத்தத்தை வச்சுக்கூட யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு. பதினாறாம் நூற்றாண்டுல சொல்லு இங்கிலீஷுக்குப் போச்சு. பலூனும் இதே குடும்பம்தான், அது பெரிய உருண்டை. ஆக பேலட்ல பேப்பரே கிடையாது, அடுத்தவனுக்குத் தெரியாம போடுறதுதான் அதோட உயிர்.

சொல்லு போய் முந்நூறு வருஷம் ஆகியும் பிரிட்டன் தேர்தல்ல ரகசியம் வரல. ஹஸ்டிங்ஸ்னு ஒரு மர மேடை கட்டியிருப்பாங்க, ஓட்டு உள்ளவன் வந்து பேரைச் சொல்லி, யாருக்கு ஓட்டுன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லணும், கிளார்க் எழுதிக்குவாரு, கீழ நில முதலாளியோட ஆளும் கடன் குடுத்தவனும் நின்னு கேட்டுட்டிருப்பாங்க. அதோட முடியல, யாரு யாருக்குப் போட்டாங்கன்னு புக்காவே அச்சடிச்சாங்க. 1868 தேர்தல்ல வேல்ஸ்ல லிபரல் கட்சிக்குப் போட்ட குத்தகை விவசாயிங்க சிலரை நிலத்தை விட்டே துரத்துனாங்க. நினைச்சாலே வயிறு எரியுது. 1838லயே, உழைக்கிற ஜனங்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடுன சார்ட்டிஸ்ட் இயக்கம் வச்ச ஆறு கோரிக்கையில ரகசிய ஓட்டும் ஒண்ணு. ஆஸ்திரேலியாவுல விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856லயே கொண்டு வந்துட்டாங்க, பிரிட்டன் அதுக்கப்புறமும் பதினாறு வருஷம் இழுத்துச்சு.

சட்டம் வந்ததும் முதல்ல நடந்த பார்லிமென்ட் தேர்தல் யார்க்‌ஷயர்ல பான்டிஃபிராக்ட் இடைத்தேர்தல், 1872 ஆகஸ்ட் 15. லிபரல் கட்சி ஹியூ சில்டர்ஸ் ஜெயிச்சாரு, அவரு முன்னாடி விக்டோரியாவுல அரசியல்ல இருந்தவரு. இதுல என் மனசுல நின்னது அந்த ஓட்டுப் பெட்டிதான். அந்த ஊரு அதிமதுர மிட்டாய்க்குப் பேரு போனது, நம்ம நாட்டு மருந்துக் கடையில இருமலுக்கு வாங்குவோமே அதே அதிமதுரம். வட்டமா கறுப்பா இருக்கிற மிட்டாய் மேல கோட்டை படம் குத்துற அச்சு ஒண்ணு ஃபேக்டரியில இருந்துச்சு, அந்த அச்சை வச்சே ஓட்டுப் பெட்டிக்கு அரக்கு முத்திரை வச்சாங்க. மரப்பெட்டி இன்னும் அந்த ஊரு மியூசியத்துல இருக்கு.

இப்போ தமிழுக்கு வருவோம். ஓட்டுங்கறதுக்கு இங்கிலீஷ்ல இருக்கிற வோட் லத்தீன்ல சத்தியம், நேர்த்திக்கடன்னு பொருள் தர்ற வோட்டுமிலிருந்து வந்தது, நம்ம வாக்குக்கும் பேச்சு, குடுத்த சொல்லுன்னுதான் பொருள், "வாக்கு குடுத்துட்டேன்"னு சொல்றோம்ல. அந்த மர மேடையில வாய் திறந்து சொன்னது நெஜமாவே வாக்குதான். பேலட் அந்த வாய்ப்பேச்சை மூடி வைக்கிறது. அதனால முறையைச் சொல்றப்போ "மறைவாக்கு"ன்னோ "இரகசிய வாக்கெடுப்பு"ன்னோ எழுதுங்க, தாளைச் சொல்றப்போ மட்டும் வாக்குச்சீட்டு. 1872 சட்டம் மறைவாக்குச் சட்டம்.

பேலட்டைக் குடவோலைன்னு சிலர் பெருமையா எழுதுறாங்க. எனக்கும் அந்தச் சொல்லு மேல ரொம்பப் பிரியம், ஆனா உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்றது வேற: தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. யாரு வேணும்னு ஊரு சொல்றது இல்ல அது, குடத்துல கை விட்டா வர்றது. அதுக்குச் சரியான சொல்லு குலுக்கல்.