லேசர் என்றால் எந்த லேசர்? ‘லேசிக்’ சொல் விளக்கம்

மொரிஷியஸில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் மூன்று பேர் கண்ணுக்கு ‘லேசர்’ வைத்துக்கொண்டார்கள் என்றால், அது மூன்று வெவ்வேறு வைத்தியமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தம் கசிந்த பாட்டிக்கு வைத்தது ஒன்று. கண்புரை எடுத்துச் சில வருஷம் கழித்து மாமாவுக்குப் பார்வை மறுபடி மங்க, உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வில் சின்னத் துளை போட்டது இன்னொன்று. கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று பேத்தி பணம் சேர்த்துச் செய்துகொள்வது மூன்றாவது. கிரியோலில் மூவரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: ‘மோன் ஃபேர் லேசேர்’. தமிழில் கேட்டாலும் ‘லேசர் வெச்சாங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதனால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. பாட்டிக்கு லேசர் வைத்தும் கண்ணாடி போகவில்லையே என்று பேத்தி தயங்குவாள். பேத்திக்கு ஒரே நாளில் பார்வை தெளிந்ததே, எனக்கு ஏன் தெளியவில்லை என்று பாட்டி மருத்துவரிடம் கோபிப்பார். பாட்டிக்கு வைத்தது இருக்கிற பார்வையைக் காப்பாற்ற. பேத்திக்குச் செய்வது கண்ணாடியின் பவரைக் கருவிழிக்கே, அதாவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்துக்கே மாற்ற. கருவியின் பெயர் ஒன்றாகிவிட்டதால் வேலையும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். மூன்றாவது வகையைச் செய்துகொள்ளப் போகிறவர்களுக்காகத்தான் இந்த விளக்கம். அதற்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் லேசிக்.

லேசர் என்பதே ஒரு சுருக்கப் பெயர். ‘தூண்டிய உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல்’ என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்தது. 1957-இல் கார்டன் கூல்டு என்ற அமெரிக்கர் தன் குறிப்பேட்டில் இந்தப் பெயரை எழுதினார். 1960 மே மாதம் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லை வைத்து முதல் லேசரை ஒளிரச் செய்தார். தமிழில் இதற்குச் ‘சீரொளி’ என்ற சொல் உண்டு. நல்ல சொல். அலைகள் ஒன்றுக்கொன்று பிசகாமல் சீராகச் செல்வதுதான் லேசரின் குணம். சீர் என்ற சின்னச் சொல் அதைப் பிடித்துவிட்டது. ஆனால் மருத்துவமனை வரவேற்பறையில் போய்ச் ‘சீரொளி சிகிச்சை எந்த மாடி?’ என்று கேட்டால் சென்னையிலேயே விழிப்பார்கள். எழுதும்போது சீரொளி, பேசும்போது லேசர் என்று வைத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்து லேசிக். லேசரின் துணையோடு, இருந்த இடத்திலேயே, கருவிழியைச் செதுக்குதல் என்ற தொடரின் சுருக்கம் இது. ‘இருந்த இடத்திலேயே’ என்பது லத்தீன். செதுக்கலுக்கான பகுதி ‘கெராட்டோமிலியூசிஸ்’ என்ற கிரேக்கக் கூட்டுச்சொல். அதில் முதல் பாதி கொம்பு, மாட்டுக் கொம்பேதான். இரண்டாம் பாதி செதுக்குதல். கண்ணின் முன்புறத் தோலுக்கும் கொம்புக்கும் என்ன சம்பந்தம்? மெல்லியதாகச் சீவிய கொம்பு உறுதியாகவும் ஒளி கடக்கும்படியும் இருக்கும். அந்த ஒப்புமையால்தான் லத்தீனிலும் அந்தப் பகுதிக்குக் கொம்பை வைத்தே கார்னியா என்று பெயரிட்டார்கள். நம் ஊர்ப் பிரெஞ்சில் கோர்னே என்பதும் அதே கொம்பு.

‘இருந்த இடத்திலேயே’ என்று பெயரிலேயே ஏன் அடித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றலாம். முதலில் அது இருந்த இடத்தில் நடக்கவில்லை. கொலம்பியாவின் பொகோட்டாவில் ஹோசே இக்னாசியோ பர்ராக்கேர் என்ற மருத்துவர், 1940-களின் கடைசியில் தொடங்கிய ஆராய்ச்சியில், கருவிழியின் மேல் வட்டத்தை அரிந்து வெளியே எடுத்து, உறைய வைத்து, கடைசல் இயந்திரத்தில் வைத்துச் செதுக்கி, திரும்பக் கண்ணிலேயே தைத்தார். வெளியே எடுக்காமல் செதுக்கும் வழி பிறகு வந்தது. எண்பதுகளின் முடிவில் கிரீட் தீவின் மருத்துவர் பாலிக்காரிஸ் கருவிழியில் ஒரு மடலைத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மடலை மூடினார். லேசிக் என்ற பெயரும் அங்கிருந்துதான் பரவியது.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போன ரங்கசாமி சீனிவாசன், ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எக்சைமர் என்ற புறஊதா லேசரை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், நன்றி நவிலல் விருந்துக்கு மறுநாள், மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் லேசரைப் பாய்ச்சினார். சுற்றிலும் கருகல் இல்லாமல் வெட்டு விழுந்தது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளி சூட்டால் பொசுக்குவதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை முறித்துப் பறக்கவிடுகிறது. இரண்டு வருஷத்தில் ஸ்டீபன் ட்ரோக்கெல் என்ற கண் மருத்துவர் அவரோடு சேர்ந்து அதைக் கருவிழியில் சோதித்தார். சிகிச்சையின்போது கருகிய மயிர் போல ஒரு வாடை வரும், கண் எரிகிறதோ என்று பயப்படாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். உங்களை உற்றுப் பார்க்கச் சொல்லும் சிமிட்டு விளக்கும் செதுக்கும் ஒளி அல்ல. செதுக்குகிற புறஊதா கண்ணுக்கே தெரியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதல் சிக்கல் கார்னியாவிலேயே இருக்கிறது. நாளிதழ்கள் ‘கருவிழி’ என்கின்றன. அது கறுப்பே இல்லை, கண்ணாடி போலத் தெளிந்த படலம். பின்னால் இருப்பதன் நிறம்தான் கறுப்பாகத் தெரிகிறது. ‘விழிவெண்படலம்’ என்றும் எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர் கண்ணின் வெள்ளைப் பகுதியை நினைத்துக்கொள்வார். இரண்டில் கருவிழியே தேவலை, கண்தானம் பற்றிய பேச்சில் ஊன்றிவிட்டது. மோக்காவில் சுப்பிரமணிய பாரதியின் பெயரில் அரசுக் கண் மருத்துவமனை வைத்த நாடு இது. கண்ணின் பாகங்களையாவது தமிழில் சொல்லத் தெரிந்திருக்கலாம்.

லேசிக்கை முழுசாகத் தமிழாக்கினால் ‘கருவிழிச் சீரொளிச் செதுக்கல்’ என்று வரும். பொருள் சரி, வாய்க்குள் நுழையாது. அதைவிட உதவுவது வகைப் பெயர்கள். மருத்துவர் மூன்று வழிகளைச் சொல்வார். லேசிக்கில் கருவிழியில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறப்பார்கள். முழுவதும் அறுத்து எடுக்காமல் ஒரு பக்கம் ஒட்டியே இருக்கும், காது மடல் தலையோடு ஒட்டியிருப்பது போல. இதை மடல் வகை எனலாம். பிஆர்கே என்பதில் மடல் கிடையாது. மேல்தோலை அகற்றிவிட்டு நேரே செதுக்குவார்கள். சில நாள் வலியும் கூச்சமும் இருக்கும், பார்வை மெல்லத்தான் தெளியும், ஆனால் மடல் நகர்ந்துவிடுமோ என்ற கவலை இல்லை. இது மேற்பரப்பு வகை. ஸ்மைல் என்பதில் ஃபெம்டோ என்ற, மிக நுண்ணிய நேரத் துடிப்புகளாக வரும் லேசர் கருவிழிக்குள்ளேயே லென்ஸ் வடிவில் ஒரு துண்டை வெட்டிவைக்கும். சில மில்லிமீட்டர் கீறல் வழியாக மருத்துவர் அதை உருவி எடுப்பார். உருவல் வகை. ‘எனக்கு மடலா, மேற்பரப்பா, உருவலா? ஏன் அது?’ என்று கேட்டால் மருத்துவரும் ஒழுங்காகப் பதில் சொல்வார்.

ஏன் என்பதற்கான விடை பெரும்பாலும் கருவிழியின் தடிமனில் இருக்கும். சராசரிக் கருவிழி 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மடலுக்கு 110 போகட்டும். ஒவ்வொரு டயாப்டர் பவருக்கும் ஏறத்தாழ 14 மைக்ரான் செதுக்க வேண்டும் என்று வைத்தால், மைனஸ் 6-க்கு 84. மிச்சம் 346. மடலுக்கு அடியில் குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பொது வழக்கு; ஆகவே இவருக்கு இடம் இருக்கிறது. கருவிழி 500 மைக்ரான், பவர் மைனஸ் 10 என்றால் கணக்கு சரியாக 250-இல் வந்து நிற்கும். நிதானமுள்ள மருத்துவர் வேண்டாம் என்பார். தடிமன் போதுமானதாக இருந்தும், கருவிழியின் வடிவைப் படமாக்கும் சோதனையில் அது கூம்பாகப் பிதுங்கும் அறிகுறி தெரிந்தால் லேசிக் கூடாது. அடிக்கடி கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால், வீட்டில் யாருக்காவது கூம்பு விழி இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அளவு சரியாக வர, காண்டாக்ட் லென்ஸை முன்கூட்டியே கழற்ற வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் இரண்டு வாரம், கெட்டியான வகைகளுக்கு மூன்று, நான்கு வாரம்கூட. லென்ஸ் அழுத்திய கருவிழி பழைய வடிவுக்குத் திரும்பாமல் அளந்தால் அளவே தப்பு. வயது பதினெட்டைத் தாண்டியிருக்க வேண்டும், ஒரு வருஷமாவது பவர் மாறாமல் இருந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போடுவது நல்லது. கண் வறட்சி ஏற்கெனவே இருந்தால் லேசிக்குக்குப் பின் கூடும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் சிலருக்கு நீடிக்கும்.

நம் தீவுக்கே உரிய கவலை ஒன்று உண்டு. பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் அளந்து செதுக்கினால், அடுத்த மாதமே வேறு கண்ணாடி வேண்டியிருக்கும். முதலில் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தேவை பாட்டியின் லேசராகவும் இருக்கலாம்.

இன்னொரு பழைய சொல்லையும் இங்கே பேச வேண்டும்: வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் வைத்துப் படித்தால் எழுத்து வெளிறித் தெரியும் நிலை. ‘முதுமைப் பார்வை’ போன்ற மொழிபெயர்ப்புகளை விட எவ்வளவு கூர்மையான சொல், நோயாளி காண்பதையே பெயராக்கிவிட்டது. கத்ர் போர்ன் சந்தையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், நம் பழைய அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நூறு ரூபாய் நோட்டில் உள்ள தமிழ் வரியைப் படிக்க முயல்வதைப் பாருங்கள். கையை முழுக்க நீட்டுவார், தலையைப் பின்னுக்கு இழுப்பார், கடைசியில் நிறத்தைப் பார்த்து நோட்டைக் கொடுத்துவிடுவார். (அந்தத் தமிழ் வரியின் இடத்தை 1998-இல் மாற்றி அச்சிட்டபோது நம்மவர்கள் கிளப்பிய எதிர்ப்பில் நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். படிக்கிறோமோ இல்லையோ, இடம் முக்கியம்.)

வெள்ளெழுத்து வருவது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால். லேசிக் தொடுவது கருவிழியை மட்டும். ஆகவே முப்பதில் லேசிக் செய்தவருக்கும் நாற்பத்தைந்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும். மைனஸ் 2 உள்ள நாற்பத்தைந்து வயதுக்காரர் இதை நன்றாக யோசிக்க வேண்டும். இன்றைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றினால் புத்தகம் தெளிவாகத் தெரியும். தூரப் பார்வை முழுசாகச் சரியான பிறகு அந்த வசதி போய்விடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் விட்டுவைக்கும் ஏற்பாடு உண்டு. எல்லோர் மூளையும் அதற்கு ஒத்துவராது. காண்டாக்ட் லென்ஸ் போட்டு முதலில் ஒத்திகை பார்க்கலாம்.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம். விபூதி, கற்பூரப் புகை, தலையில் ஊற்றும் மஞ்சள் தண்ணீர், வெயிலில் கண்ணுக்குள் வழியும் வியர்வை: புதிதாக மூடிய மடலுக்கு இதில் ஒன்றுகூட ஆகாது. கடலில் குளிப்பதற்கும் பல வாரம் பொறுக்க வேண்டும்.

சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகள் எல்லாவற்றின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சென்னைக்குப் போய்ச் செய்துகொள்பவர்கள் மறக்காமல். பிற்காலத்தில் கண்புரை வந்து உள்ளே லென்ஸ் வைக்கும்போது, செதுக்கிய கருவிழியை வைத்துப் பவர் கணக்கிடுவது சிரமம். பழைய அளவு இருந்தால் வேலை எளிது. கண் அழுத்தத்தை அளக்கும் கருவியும் மெலிந்த கருவிழியில் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். லேசிக் செய்துகொண்டவர் என்பதை எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ‘லேசர்’ என்று மட்டும் சொல்லாமல்.