பழைய ரிவால்வரைத் தேய்த்துவிடாதீர்கள்

ஆயுத பூஜை நெருங்கினால் எங்கள் கடைக்கு இப்படி ஒரு போன் வருவது வழக்கம். பெரும்பாலும் ஏற்காட்டுப் பக்கத்திலிருந்துதான் வரும். பழைய எஸ்டேட் பங்களாவில் பரணைச் சுத்தம் செய்திருப்பார்கள், தகரப் பெட்டிக்குள் துணி சுற்றி ஒரு ரிவால்வர் இருந்திருக்கும். "பேரு, நம்பர் ஒண்ணுமே இல்லீங்க. என்ன துப்பாக்கின்னு பார்த்துச் சொல்றீங்களா?" என்பார்கள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில், ஏற்காடு இருக்கும் ஷெவராய் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதன்பின் எத்தனையோ துரைமார்கள் அங்கே குடியிருந்து போய்விட்டார்கள். எஸ்டேட் விற்கும்போது மேசை நாற்காலியோடு இதுவும் கைமாறியிருக்கும்.

நான் சேலத்தில் உரிமத்தோடு துப்பாக்கி விற்பனையும் பழுதும் பார்க்கிறவன். போன் செய்பவரிடம் நான் முதலில் கேட்பது, "தேய்த்துவிட்டீர்களா?" என்பதைத்தான். பூஜைக்கு வைக்கலாம் என்று உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று ஆக்கியிருப்பார்கள். இன்னும் சிலர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் கொடுத்து மெருகேற்றியும் வந்திருக்கிறார்கள். நம்ம ஊரில் அதற்கு ஆள் கிடைப்பது சுலபம், அதுதான் வினை.

முத்திரையே இல்லை என்று சொல்லப்படும் ரிவால்வர்களில் பாதிக்கு மேல் எங்காவது ஒரு முத்திரை இருக்கத்தான் செய்யும். நாம் குழலின் பக்கவாட்டில் கம்பெனி பெயரைத் தேடுவோம். ஆனால் அடையாளம் தோட்டா போடும் சிலிண்டரின் முகப்பிலோ, குழலின் அடிப்பக்கத்திலோ, கைப்பிடிப் பலகைக்கு உள்ளே துப்பாக்கியின் உலோகச் சட்டத்தின் (ஃபிரேம்) மேலோ இருக்கும். அரிசி அளவுதான் இருக்கும், லென்ஸ் வைத்தால்தான் தெரியும். நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்தும் கீழே ஒரு நட்சத்திரமும் இருந்தால் அது பெல்ஜியத்தின் லீஜ் நகரச் சோதனைச்சாலை முத்திரை; துப்பாக்கி அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்துக் குத்துவது. மேலே கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிறகு சோதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீஜ் பட்டறைகள் பெயர் போடாமலே ஏராளமான ரிவால்வர்களைச் செய்து உலகம் முழுக்க அனுப்பின. இங்கிலாந்தின் வெப்லி கம்பெனி 1872இல் கொண்டுவந்த புல்டாக் ரிவால்வரைப் பார்த்துச் செய்த ஐந்து குண்டுக் குட்டைத் துப்பாக்கிகள் அவற்றில் நிறைய. கிரீடத்தோடு குறுக்கே போட்ட செங்கோல்கள் இருந்தால் பர்மிங்காம். அங்கே சோதனைச்சாலை 1813இலிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் இப்படிக் கட்டாயச் சோதனையே கிடையாது. அதனால் அங்கிருந்து வந்த மலிவு ரிவால்வர்களில் இந்த வகை முத்திரையைத் தேடிப் பயனில்லை.

இரண்டு மூன்று இலக்க எண் ஒன்று சிலிண்டரிலும் சட்டத்திலும் ஒன்றுபோல இருந்தால், "நம்பர் கிடைச்சிருச்சு சார்" என்று சந்தோஷப்படுவார்கள். பட்டறையில் பாகங்கள் கலந்துவிடாமல் இருக்கப் போட்ட எண்ணாகவும் அது இருக்கலாம். அதை வைத்து வருடம் சொல்கிற ஆளை நம்பாதீர்கள்.

முத்திரை நிஜமாகவே இல்லையென்றால் உருவத்தைத்தான் நம்ப வேண்டும். மேல்பக்கம் பூட்டு விடுபட்டு இரண்டாக மடிகிறதா, ஒரே சட்டமா? விசை மடங்குகிறதா? கைப்பிடிக்கு அடியில் கயிறு கோக்கும் வளையம் இருந்தால் ராணுவமோ போலீசோ பயன்படுத்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். இவ்வளவையும் போட்டோவிலேயே பார்த்துவிடலாம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, பையில் போட்டுக்கொண்டு எங்கள் கடைக்கு வரவே வேண்டாம்.

ஏனென்றால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு ரொம்பக் கறாரானது. அடையாளம் இல்லாத துப்பாக்கியை விற்கவும் கூடாது, கைமாற்றவும் கூடாது. அப்படி ஒன்று உங்கள் வசம் இருந்தால், அடையாளத்தை அழித்தது நீங்கள்தான் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. லீஜிலிருந்து பெயரில்லாமலே வந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்த அரிசி அளவு முத்திரைதான். அதைத்தான் உப்புத்தாள் தின்றுவிடுகிறது. ஆழமாகக் குத்திய எண்ணை அமிலம் வைத்து ஓரளவு மீட்கத் தடய அறிவியல் துறையால் முடியும். லேசான முத்திரை முழுக்கத் தேய்ந்துபோனால் அதுவும் சந்தேகம்.

"நூறு வருஷப் பழசு, லைசென்ஸ் வேண்டாம்" என்ற பேச்சு ஊரில் பலமாக ஓடுகிறது. சட்டத்தின் 45ஆம் பிரிவு தருகிற விலக்கில் வயசு மட்டும் கணக்கில்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். பட்டறைக்காரனாகச் சொல்கிறேன், வீட்டில் "ஓடாது" என்று சொல்லப்படும் ரிவால்வர்களில் பலவற்றுக்கு ஒரு ஸ்பிரிங் மாற்றினால் போதும். 2020இல் கியூரியோ வகைக்கு, அதாவது அரும்பொருளாக வைத்திருக்கும் பழைய துப்பாக்கிகளுக்கு, சலுகை வந்தது உண்மை. ஆனால் எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் அப்போதும் உரிமம் வேண்டும். தவிர, உங்களுடையது அந்த வகைதானா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. பெட்டியில் கிடக்கிற ஒற்றைத் தோட்டாவும் சட்டத்தின் கண்ணில் கணக்குத்தான்.

தோட்டா என்றதும் இன்னொன்று. குண்டு இருக்கிறதா என்று குழல் வழியாக எட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விசையை இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். சிலிண்டரைச் சுற்றி ஆணி முனைபோலச் சின்னச் சின்னக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பின்ஃபயர் வகை, உள்ளே தோட்டா இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கம்பியில் ஒரு தட்டுப் பட்டாலே வெடிக்கலாம், கீழே விழுந்தாலும்தான். இன்றைய தோட்டா அறைக்குள் நுழைகிறது என்பதற்காகப் போட்டுப் பார்ப்பதும் ஆபத்து. கரும்வெடிமருந்துக் காலத்து ரிவால்வரின் உலோகச் சட்டம், இன்றைய தோட்டாவில் இருக்கும் புகையற்ற மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

சரி, என்னதான் செய்வது? இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பெட்டி, துணி, கூடக் கிடந்த காகிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டோ எடுங்கள். பழைய உரிமப் புத்தகம் இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள். அப்புறம் காவல் நிலையத்துக்குப் போன் செய்து அவர்களை வரச் சொல்லுங்கள். சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி தாமதம் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும். வாரிசாக உரிமம் கேட்க விரும்பினால் மாநகருக்குப் போலீஸ் கமிஷனர், ஏற்காட்டுக்குக் கலெக்டர் அலுவலகம். ஒரு வக்கீலையும் கலந்துகொள்வது நல்லது.

ஒப்படைக்கும்போது வாங்குகிற ரசீதில் "பழைய ரிவால்வர் 1" என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். எத்தனை அறை, குழல் நீளம், மடிகிற வகையா, எந்த இடத்தில் என்ன முத்திரை, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். போட்டோவின் நகலையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.