எந்த விந்தணு உள்ளே போகும்?

“நல்ல அணுவாப் பாத்து எடுத்து வச்சா பிள்ளை நிக்கும்லா, டாக்டரே?” நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கேட்பது இதைத்தான். அந்த ‘பாத்து எடுக்கிற’ வேலை எப்படி நடக்கிறது?

பழைய வழி, நீந்த விடுவது. விந்துவின் மேல் ஊட்டத் திரவத்தை விட்டு, குழாயைச் சாய்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். ஓட்டமுள்ளவை மேலேறி வரும். மற்றொன்று, அடர்த்தி வேறுபட்ட இரண்டு சிலிக்கா திரவ அடுக்குகளின் மேல் விந்துவை விட்டு மையவிலக்கியில் சுழற்றுவது. முதிர்ந்த விந்தணுவின் தலையில் டிஎன்ஏ இறுகப் பொதிந்திருப்பதால் அது அடியில் போய்ப் படியும். உப்புத் தண்ணீரில் விதைநெல்லைப் போட்டுப் பதரைக் கழிக்கிற நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

விந்தணுவை நேராக முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்சி (ICSI) முறை வேறு ரகம். பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் இதில் உண்டான முதல் கர்ப்பங்களை 1992-இல் அறிவித்தார்கள். கருவியலாளர் பிசுபிசுப்பான திரவத்தில் விந்தணுவின் வேகத்தை மட்டுப்படுத்தி, ஊசிமுனையால் வாலை அழுத்தி ஓட்டத்தை நிறுத்தி, வால்பக்கமாக உறிஞ்சி, முட்டைக்குள் செலுத்துவார். ஒரு முட்டைக்கு ஒன்றே போதும். வளைகுடாவுக்குத் திரும்பும் கணவர் மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்துவிட்டுப் போன விந்துவில், உருக்கியபின் ஓட்டம் குறைந்தாலும் காரியம் நடப்பது இதனால்தான்.

ஆனால் நுண்ணோக்கியில் தெரிவது வடிவமும் ஓட்டமும் மட்டுமே. உள்ளே டிஎன்ஏ சிதைந்திருக்கிறதா என்பது தெரியாது. கூடுதல் கட்டண முறைகள் நுழைவது இந்த இடத்தில். இம்சியில் 6,000 மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பிக்சியில், முட்டையைச் சுற்றியுள்ள ஹயலுரோனான் என்ற பொருளைத் தட்டில் பூசி, அதில் ஒட்டிக்கொள்ளும் முதிர்ந்த விந்தணுவை எடுப்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரிட்டனில் 16 மையங்களில் 2,700-க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் பிக்சியைச் சோதித்து 2019-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மாதம் நிறைந்து உயிரோடு குழந்தை பிறந்தது பிக்சியில் 27.4 சதவீதம், சாதாரண இக்சியில் 25.2. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான். கருச்சிதைவு மட்டும் 7 சதவீதத்திலிருந்து 4.3 ஆகக் குறைந்தது. அடிக்கடி கரு கலைகிறவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். எல்லோருக்கும் பில்லில் சேர்க்க இது போதாது என்பது என் கருத்து.

தேர்வு முறையைவிட மனைவியின் வயதுதான் முடிவை அதிகம் தீர்மானிக்கிறது. சிதைந்த டிஎன்ஏவை முட்டை ஓரளவு சரிசெய்யும். வயது ஏற ஏற அந்தத் திறனும் குறையும். ஆகவே விளம்பரத்தில் வெற்றி விகிதம் என்று போட்டிருந்தால், அது டெஸ்ட் பாசிட்டிவ் ஆன கணக்கா, பிள்ளை பிறந்த கணக்கா, மனைவியின் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.